காலையா, மாலையா? காது விட்டதை மூளை நிரப்பும்!

“சத்தம் கேக்குதுடா... என்ன சொல்றேன்னுதான் புரியல!”

போனில் பாட்டியோ தாத்தாவோ இப்படிச் சொன்னால் என்ன செய்வோம்? இன்னும் கத்துவோம். ஆனால், கத்துவதால் பெரிதாகப் பலன் கிடையாது. ஏன் தெரியுமா?

வயதாகும்போது காது முதலில் தவறவிடுவது கீச்சென்ற உயர் அதிர்வெண் ஒலிகளைத்தான். ‘ஸ்’, ‘ஃப்’ போன்ற மெய்யொலிகள் அந்த ரகம். கத்தினால் ‘ஆ’, ‘ஓ’ போன்ற உயிரொலிகள்தான் பெரிதாகும். சொற்களைப் பிரித்துக்காட்டும் மெய்யொலிகள் அந்த அளவுக்குத் தெளிவாகாது. போதாததற்கு, பழைய தொலைபேசி முறையில் சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகள் மட்டுமே கடந்து வரும். ‘ஸ்’ ஒலியின் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது!

அப்படியும் பாதிப் பேச்சு புரிகிறதே, எப்படி? மீதியை மூளை நிரப்பிக்கொள்கிறது.

அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் வாரன் 1970-ல் வெளியிட்ட சோதனை இது. ஓர் ஆங்கில வாக்கியத்தின் பதிவில், ‘லெஜிஸ்லேச்சர்ஸ்’ என்ற சொல்லின் நடுவில் வரும் ‘ஸ்’ ஒலியை வெட்டிவிட்டு, அங்கே ஓர் இருமலை ஒட்டினார். கேட்ட 20 பேரில் 19 பேர், ‘எந்த ஒலியும் விடுபடவில்லை’ என்றார்கள். மீதி ஒருவரும் தப்பான இடத்தைத்தான் காட்டினார்!

இதில் வசதியும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. ரயில் நிலைய இரைச்சலிலும் நம் ரயிலின் பெயர் காதில் விழுவது, அதை எதிர்பார்த்துக் காத்திருப்பதால்தான். ஆனால் மூளை தப்பாக நிரப்பினால், நிரப்பியதே நமக்குத் தெரியாது. ‘காலை’, ‘மாலை’ இரண்டுக்கும் முதல் எழுத்துதான் வித்தியாசம். மாத்திரை விஷயத்தில் அது சின்ன வித்தியாசமா, சொல்லுங்கள்?

அதனால் வீட்டுப் பெரியவர்களிடம் பேசும்போது...

* முதலில் விஷயத்தைச் சொல்லுங்கள்: “பாட்டி, பிரஷர் மாத்திரை பத்திப் பேசறேன்.”

* “காலையில” என்பதோடு நிறுத்தாமல், “காலையில, இட்லி சாப்பிட்டதும்” என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

* டி.வி-யை அணைத்துவிட்டு, உங்கள் முகத்தில் வெளிச்சம் படும்படி பேசுங்கள். உதட்டசைவும் பாதி சேதி சொல்லும்.

* புரியவில்லை என்றால் அதையே கத்தாமல், வேறு வார்த்தையில் நிதானமாகச் சொல்லுங்கள்.

* “புரிஞ்சுதா?” என்றால் “ம்” என்றுதான் பதில் வரும். “எப்போ போடணும், சொல்லுங்க பார்க்கலாம்” என்று கேளுங்கள்.

“என்ன? என்ன?” என்று கேட்பது அதிகமானால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். திரும்பத் திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டே பல பெரியவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் மௌனமாவதற்குள் நாம் பேசும் விதத்தை மாற்றிக்கொள்ளலாமே!