கடல் கடந்த பிள்ளைகளும் பன்னாட்டுப் பாடசாலையும்

நம் கல்லூரியின் யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க் குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியனாகிய நான் இலக்கியப் பொருளொன்றைத் தெரிந்தெழுதுவேன் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். ஆயினும், பழைய மாணவர் பலர் என்பால் அடிக்கடி வினவிவரும் கேள்வியொன்று உண்டு. "ஐயா, தொழில் நிமித்தம் குடும்பத்தோடு டுபாய்க்குப் போகின்றேன். பிள்ளைகளை எந்தப் பாடசாலையிற் சேர்ப்பது நன்று?" என்பதே அது. டோஹா, மஸ்கட், சிங்கப்பூர் என ஊர் மாறினும் வினா மாறுவதில்லை. அவ்வினாவிற்கு ஒருகால் நான் தவறான விடை பகர்ந்தேன். அத்தவற்றை ஒப்புக்கொள்ளுதலும், இன்று நான் கொண்டுள்ள கருத்தை எடுத்துரைத்தலுமே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளின் முன், ஆசிரிய கலாசாலைப் பயிற்சியை முடித்துச் சின்னாள் கழிந்திருந்த காலத்தில், இக்கல்லூரியில் என்னோடு ஒரே வகுப்பிற் கற்ற நண்பர் ஒருவர் இதனைக் கேட்டார். "பெயர்பெற்ற பாடசாலையாகப் பார்த்துச் சேர்; வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசு; பிள்ளை மூன்று மாதத்திற் பழகிவிடுவான்" என்று சிறிதும் ஐயமின்றிக் கூறினேன். நண்பர் அவ்வாறே செய்தார். ஏழு வயதுச் சிறுவன் இரண்டு தவணைகள் வகுப்பிலே வாய் திறவாதிருந்தான். ஆசிரியர் அவனை மந்தபுத்தியுடையவன் எனக் கருதிக் கீழ்வகுப்பிற்கு மாற்ற முற்பட்டனர். தாயும் தந்தையும் தமக்கே சரளமாக வாராத மொழியில் அவனோடு பேச முயன்றமையால், வீட்டிலும் பேச்சுக் குன்றிற்று. பின்னர் அவன் தேறினான் என்பது உண்மை. ஆனால் அவன் இழந்தது யாதென்பதை இறுதியிற் கூறுவேன்.

பன்னாட்டுப் பாடசாலை என்பது எதற்காகத் தோன்றியது என்பதை முதற்கண் நோக்குதல் வேண்டும். முதலாம் உலகப் போரின் பின் ஜெனீவா நகரிற் சர்வதேச சங்கமும் சர்வதேசத் தொழில் நிறுவனமும் நிலைகொண்டன. அவற்றிற் பணிபுரியப் பல நாடுகளிலிருந்தும் வந்தோரின் பிள்ளைகட்காக 1924 ஆம் ஆண்டில் ஆங்கே ஒரு பன்னாட்டுப் பாடசாலை நிறுவப்பட்டது. இடம்பெயர்ந்து திரியும் மாணவர்க்கு எந்நாட்டுப் பல்கலைக்கழகமும் ஏற்கத்தக்க பொதுத் தேர்வொன்று வேண்டும் என்னும் எண்ணத்தின் விளைவாகவே, 1968 ஆம் ஆண்டில் அதே நகரிற் சர்வதேசப் பக்கலோரியேற் அமைப்பும் உருவாயிற்று. ஆகவே, இன்று வந்து நாளை பெயர்ந்து செல்லும் பிள்ளையை இடரின்றி ஏற்று, இடரின்றி வழியனுப்புதலே இத்தகைய பாடசாலையின் தொழில். மாளிகை போன்ற கட்டிடமும் நீச்சற் குளமும் அத்தொழிலுக்கு அணிகலன்களேயன்றி உறுப்புகள் அல்ல.

இந்நோக்கத்தை அளவுகோலாகக் கொண்டால், பெற்றோர் கேட்கவேண்டிய முதல் வினா, "இது சிறந்த பாடசாலையா?" என்பதன்று, "இதன்பின் என் பிள்ளை எங்கே கற்பான்?" என்பதே. டுபாயிலே இந்தியப் பாடத்திட்டத்தைத் தழுவும் பாடசாலைகளின் கல்வியாண்டு பொதுவாக ஏப்பிரலிலும், பிரித்தானியப் பாடத்திட்டத்தைத் தழுவுவனவற்றின் கல்வியாண்டு செப்டெம்பரிலும் தொடங்கும். இரண்டாண்டு ஒப்பந்தத்திற் செல்பவர், மகன் க.பொ.த. சாதாரண தரத்திற்கு ஊர் திரும்பவேண்டியவன் என்றால், வேற்றுப் பாடத்திட்டத்திலே அவனை ஆழ்த்துமுன் பன்முறை சிந்தித்தல் வேண்டும். இலங்கைச் சமூகத்தாருக்கெனத் தோன்றிய பாடசாலைகள் டோஹாவிலும் மஸ்கட்டிலும் உள்ளன. அவற்றிலும், எப்பாடங்கள் எத்தேர்விற்குக் கற்பிக்கப்படுகின்றன என்பதை வினவியே சேர்த்தல் முறை.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். கட்டணத்தைத் தொழில் நிறுவனம் செலுத்துமாயின், அவ்வுதவி எதுவரை நீடிக்கும் என்பதை ஒப்பந்தத்திற் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை போனால் பள்ளியும் போகும் நிலையிற் பிள்ளையை வைத்தல் ஆகாது. டுபாய் அரசின் அதிகாரசபை 2008 ஆம் ஆண்டளவிலே தனியார் பாடசாலைகளைப் பரிசோதித்துத் தரப்படுத்தும் முறையைத் தொடங்கியது. அவ்வறிக்கைகள் யாவரும் படிக்கக் கிடைப்பன. விளம்பரத் தாளை வாசிப்பவர் அறிக்கையையும் வாசித்தல் தகும்.

இரண்டாவது வினா மொழி பற்றியது. என் தவறும் இங்கேதான் நேர்ந்தது. கனடா நாட்டுக் கல்வியாளர் யிம் கம்மின்ஸ், உரையாடும் மொழி வேறு, கற்கும் மொழி வேறு என 1979 ஆம் ஆண்டிலே பிரித்துக் காட்டினார். புதுமொழியில் விளையாடவும் பேசவும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளிற் பிள்ளை பழகிவிடும். பாடநூலை விளங்கி ஒத்த வயதினரோடு சமமாக எழுதுதற்கோ ஐந்து முதல் ஏழு ஆண்டுகளும் அதற்கு மேலும் செல்லக்கூடும் என அவர்தம் ஆய்வுகள் காட்டின. மூன்று மாதம் என்று நான் சொன்னது எத்துணைப் பேதைமை! புதிய மொழியின் நடுவே விடப்பட்ட சிறுவர் சில மாதங்கள் மௌனமாயிருந்து செவிமடுத்தல் இயல்பு. அம்மௌனத்தை அறிவின்மை எனக் கொள்ளாத ஆசிரியர் அப்பாடசாலையில் உளரா, ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்போருக்குத் தனி வகுப்பு உண்டா, எத்தனை ஆண்டு உண்டு என்பவற்றைக் கேட்டறியாது கையொப்பமிடாதீர்கள்.

மூன்றாவது வினா தாய்மொழி பற்றியது. "உங்கள் பாடசாலை எம் மொழியை எவ்வாறு நடத்துகின்றது?" எனக் கேட்க நம்மவர் கூசுகின்றனர். கூசவேண்டியதில்லை. சர்வதேசப் பக்கலோரியேற் பட்டயத் திட்டத்தில், ஆசிரியர் இல்லாத மொழியாயினும், பாடசாலையின் துணையோடு தானே பயின்று தன் தாய்மொழி இலக்கியத்தைப் பாடமாக எடுக்க மாணவனுக்கு வழியுண்டு. கேட்பவரின்றி அவ்வழி பலவிடத்துப் பயன்படாது கிடக்கின்றது. சிங்கப்பூரிலோ தமிழ் ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்று. அரசுப் பாடசாலைகளில் அது தாய்மொழிப் பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. அங்கே அயல்நாட்டுப் பிள்ளை மேல்வகுப்புகளிற் சேரத் தனித் தேர்வு எழுதவேண்டும்; இடமும் உறுதியன்று. எனினும், பன்னாட்டுப் பாடசாலையே உயர்ந்தது என்றெண்ணி, தமிழ் கற்கக் கிடைக்கும் வாய்ப்பை முயன்றும் பாராது விடுதல் நன்றன்று.

பாடசாலையைத் தெரிந்தபின் பெற்றோரின் கடமை முடிந்துவிடுமோ? முடியாது, தொடங்குகின்றது. முதல் தவணையில் மதிப்பெண்ணைக் கேளாதீர்கள், "இன்று யாரோடு உண்டாய்?" என்று கேளுங்கள். புதியவனுக்கு வகுப்பிலே ஒரு தோழனை அமர்த்தித் தருமாறு ஆசிரியரிடம் வேண்டுங்கள். ஊரிலுள்ள நண்பரோடும் பாட்டியோடும் வாரந்தோறும் பேச இடங்கொடுங்கள். அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, வீட்டிலே தமிழ் பேசுங்கள். தாய் தனக்கு நன்கு வரும் மொழியிற் கதை சொல்லும்போதே பிள்ளை சிந்திக்கப் பழகுகின்றது. அச்சிந்தனையே பின்னர் ஆங்கிலத்திற்கும் கைகொடுக்கும். தமிழ் ஆங்கிலத்திற்குத் தடை என்ற எண்ணம் தமிழாசிரியனாகிய எனக்கே ஒருகாலத்தில் இருந்ததாயின், பிறரை நான் எங்ஙனம் குறைகூறுவேன்?

இனி, முன்னர் நிறுத்திய கதையை முடிக்கின்றேன். சில ஆண்டுகளின் முன் அந்நண்பர் விடுமுறையில் வந்து, வளர்ந்துவிட்ட தம் மகனைக் கல்லூரிக்கு அழைத்துவந்தார். மண்டபத்துச் சுவரிலே பரிசில் பெற்றோரின் பெயர்ப்பலகை உளதன்றோ? அதன்முன் நெடுநேரம் நின்ற இளைஞன், "இதில் என்ன எழுதியிருக்கின்றது?" என்று என்னை ஆங்கிலத்தில் வினவினான். அவன் விரல் காட்டிய வரியில் இருந்தது அவன் பாட்டனாரின் பெயர். நான் வாசித்துச் சொன்னேன். நண்பர் ஒன்றும் பேசவில்லை. என் அறிவுரையின் பயனை அன்று கண்ணாரக் கண்டேன்.

ஆகவே, பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். அவ்வந்நகரங்களில் உள்ள நம்மவர், புதிதாக வருவோருக்குப் பாடசாலைகள் பற்றித் தாம் அறிந்த நன்மை தீமைகளை ஒளிவின்றிச் சொல்லுங்கள்; வாரத்தில் ஒருநாள் ஒரு வீட்டு விறாந்தையிலாயினும் பிள்ளைகளைக் கூட்டித் தமிழ் எழுத்தறிவியுங்கள். கற்றுவரும் மாணவர்க்கும் உடன் ஆசிரியர்க்கும் வேறொரு வேண்டுகோள். அப்பிள்ளைகள் என்றேனும் நம் வகுப்பறைக்குத் திரும்பிவந்து, திக்கித் திக்கித் தமிழ் பேசும்போது நகையாதீர்கள். வேற்றூர்ப் பாடசாலையில் நம் பிள்ளைக்குக் கிடைக்கவேண்டும் என நாம் விரும்பும் வரவேற்பை, நம்மிடம் வரும் பிள்ளைக்கு நாமே முதலில் அளிப்போமாக.