சிறுவர் சாட்சியமும் நீதிமன்றத்தின் கடமையும்

பாலியற் கொடுமைக்கு ஆளான சிறுவரைக் காக்க எமது நாட்டிற் சட்டங்கள் இல்லையா? உண்டு. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்திக் கடுந்தண்டனை விதித்தது. 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கான சட்டம் வந்தது. 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம், பிள்ளை கூறுவதை ஒளிப்பதிவு செய்து, அதனையே முதல் விசாரணைச் சாட்சியமாக ஏற்க வழி திறந்தது.

ஏட்டிற் குறைவில்லை. நீதிமன்ற வளவிலோ நாம் காணும் காட்சி வேறு. பொலிஸ் நிலையத்தில் ஒருமுறை, சட்ட வைத்திய அதிகாரியிடம் ஒருமுறை, ஆண்டுகள் பல கழித்து மேல் நீதிமன்றத்தில் மற்றொரு முறை எனத் தன் துயரைப் பிள்ளை திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது. இடையிலே தவணை மேல் தவணை. காலபோக வேலையை விட்டு மகளை அழைத்துவரும் கமக்காரர், வழக்கு ஒத்திவைக்கப்பட்டதெனக் கேட்டு வீடு திரும்புகிறார். எதிரி அயலவனாகவோ உறவினனாகவோ இருப்பின், பிள்ளையின் வாயை அடைக்க அக்காலதாமதமே அவனுக்குப் போதும்.

பிள்ளைகள் சொல்லிக்கொடுத்ததை ஒப்புவிக்க மாட்டார்களா என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. குற்றம் எண்பிக்கப்படும்வரை எதிரி நிரபராதி என்னும் கோட்பாட்டை நாம் ஒருபோதும் கைவிடோம். ஆயின், சம்பவத்தை அடுத்த நாள்களிலேயே பயிற்சி பெற்றவர் வினவி எடுத்த ஒளிப்பதிவு, கேட்டவர் விடையை ஊட்டினாரா என்பதையும் காட்டிக்கொடுக்கும். குறுக்கு விசாரணை செய்யும் உரிமையும் எதிரிக்கு அப்படியே இருக்கிறது. ஆண்டுகள் கடந்து மங்கிய நினைவோ இரு பக்கத்தாருக்கும் நீதி செய்யாது.

நீதிபதிகளின் கைகளும் கட்டப்பட்டிருக்கவில்லை. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 118ஆம் பிரிவு, வினாவை விளங்கி அறிவார்ந்த விடையளிக்கக்கூடிய பிள்ளையைத் தகுதியுள்ள சாட்சியாக ஏற்கிறது. சாட்சிகளின் எண்ணிக்கை முக்கியமன்று என்கிறது 134ஆம் பிரிவு. அவமதிக்கும் நோக்குடைய வினாக்களைத் தடுக்குமாறு 152ஆம் பிரிவு பணிக்கிறது. சாட்சிக் கூண்டிற் பிள்ளை விம்மி நிற்கையில் அப்பிரிவு உறங்கலாமா?

நாம் கோருவன மூன்று. வடக்கிலும் கிழக்கிலும் மாவட்டந்தோறும், தமிழ் பேசும் அலுவலரைக் கொண்ட ஒளிப்பதிவு நிலையம் வேண்டும். பெயர்ப்பில் பிள்ளையின் சொல் திரியக்கூடாது. தொடங்கிய விசாரணை நாளுக்கு நாள் தொடர்ந்து நடைபெறவேண்டும். பிள்ளை எதிரியின் முகம் காணாது சாட்சியமளிக்க, 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் தரும் ஒலி, ஒளித் தொடர்பு வசதி வேண்டும்.

சட்டத்தரணிகளே, இக்கோரிக்கைகளை உங்கள் சங்கங்களில் எழுப்புங்கள். கிராமத்துப் பெரியோர்களே, மானம் கருதி வழக்கை மூடிமறைக்காதீர்கள். மானம் இழந்தவன் கொடியவனே, பிள்ளையன்று.