முன்பணம் கேட்கும் நிவாரணம்

கடன்பட்டுக் கலங்கி நிற்பவர் ஒரு தனியார் ஸ்தாபனத்திடம் கட்டணத்தைக் கட்டிப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டால் போதும், பாதிக் கடன் தள்ளுபடியாகிவிடும் என்னும் அபிப்பிராயம் இன்று விளம்பரங்களால் ஊரெங்கும் பரவிவருகிறது. துன்பப்படுவோரின் நம்பிக்கையையே மூலதனமாகக் கொண்ட இந்தப் பிரசாரத்தின் வாதங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து மறுப்பது அவசியமாகிறது.

தள்ளுபடி செய்விக்கும் அதிகாரம் தங்களிடம் உண்டு என்பது முதல் வாதம். அவ்வதிகாரம் கடன் கொடுத்த வங்கிக்கே உரியது. சேவைக் கட்டணம், சட்டக் கட்டணம் என்று வாங்கிக்கொண்டு ‘கடன் தள்ளுபடிச் சான்றிதழ்’ வழங்கியவர்களுக்கு அத்தகைய அதிகாரம் எதுவும் கிடையாது என்று 2023 டிசம்பரில் ரிசர்வ் வங்கியே பொதுமக்களை எச்சரித்தது.

தவணையை நிறுத்தினால்தான் வங்கி இறங்கிவரும் என்பது இரண்டாவது. தவணைக்காகக் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்கீழ் வழக்கு வரலாம். அப்போது கூண்டில் நிற்பவர் கடன்பட்டவரேயன்றி, யோசனை சொன்னவர் அல்லர்.

சமரசத்தில் முடித்தால் சுவடே இராது என்பது மூன்றாவது. குறைத்துக் கட்டிய கடன், ஒருவரின் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று பதிவாகி, பிற்காலத்தில் வீட்டுக் கடன் கேட்டுச் செல்லும்போது குறுக்கே நிற்கும்.

சாமானியரால் வங்கியோடு நேரில் பேச இயலாது என்பது நான்காவது. கிளை மேலாளரிடம் தவணைக் காலத்தை நீட்டித் தருமாறு எழுதிக் கேட்கலாம். மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் நீதிமன்றக் கட்டணமின்றிச் சமரசம் பேசலாம். காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ வசூல் முகவர் தொலைபேசியில் தொந்தரவு செய்தால் வங்கியிடம் புகார் எழுதி, 30 நாட்களில் பதில் வராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவின்றி முறையிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் துணை வேண்டுவோர், காரியம் முடியுமுன் கட்டணம் கேட்காத, இத்தனை சதவீதம் குறையுமென்று வாக்குறுதி தராத, பணத்தைத் தம் கணக்கில் வாங்காமல் நேரே கடன் கணக்கில் செலுத்தச் சொல்லுகிற ஆலோசகரையே நாடவேண்டும். வங்கியின் பெயர் அச்சிட்ட கடிதத் தாளில் கடன் கணக்கு எண், ஒப்புக்கொண்ட தொகை, கட்டவேண்டிய கடைசித் தேதி ஆகியவை எழுதப்பட்டு, அதிகாரியின் கையொப்பத்தோடு கடிதம் கைக்கு வருமுன் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது. கட்டி முடித்தபின் பாக்கியில்லாச் சான்றையும் கேட்டு வாங்கவேண்டும். இந்த நிபந்தனைகளுக்கு இணங்க மறுக்கும் ஸ்தாபனம் எவ்வளவு பிரசித்தமானதாயினும் விலக்கத்தக்கதே.