தேய்ந்த டயரும் தெருவின் காவலும்

தேய்ந்த மோட்டார் டயரை என்ன செய்வது? இரும்பைப்போல் உருக்கி வார்க்கலாமென்று நம் மாணாக்கர் உடனே சொல்வர். கந்தகம் கூட்டி இறுக்கிய ரப்பர் மறுபடி உருகாதே! குவித்து வைத்தாலோ மழைநீர் தேங்கிக் கொசு பெருகும். தீப்பற்றினால் எளிதில் அணையாது. 1983-ல் அமெரிக்காவில், வர்ஜீனியாவின் வின்செஸ்டர் நகருக்கருகே ஏறக்குறைய 70 லட்சம் டயர்கள் மாதக்கணக்கில் எரிந்தன.

அத்தகைய டயரைத் துகளாக அரைத்து, பாலியூரிதேன் பசை சேர்த்து, அச்சிலிட்டு அழுத்தினால் வேகத்தடையாகிறது. சாலைக் கூம்புக்குக் கனத்த அடித்தட்டாகிறது. இலேசான கூம்பைக் காற்று உருட்டிவிட்டால், அதன் பின்னே குனிந்து பள்ளம் நிரப்பும் கூலியாளுக்கு யார் காவல்? சிமெண்டுத் தடை சக்கரம் மோதி வெடிக்கிறது. ரப்பரோ அமுங்கி நிமிர்கிறது. ஆனால் அதைச் சாலையுடன் பிணைக்கும் போல்ட்டுகள் கழன்றால் அதுவே ஆபத்தாகும். அவற்றை அவ்வப்போது முடுக்க ஒரு சிப்பந்தியை நியமிக்குமாறு நகரசபைகளை வேண்டுகிறோம்.