மலிவான பாங்குப் பங்கும் நம் கிராஜுவிட்டிப் பணமும்

"புத்தகக் கணக்கில் நூறு ரூபாய் மதிப்புள்ள பாங்குப் பங்கு நாற்பதுக்குக் கிடைக்கிறது, வாங்கிப் போட்டால் இரட்டிப்பாகும்" என்ற பேச்சு கொல்லங்கோட்டிலும், நெல்லியாம்பதி எஸ்டேட் லயங்களிலும், மூணாறு பக்கமும் நம்மவர் காதில் விழுகிறது. ஓய்வுபெறும் தொழிலாளியின் கைக்குக் கிராஜுவிட்டியும் பி.எஃப். பணமும் வரும் நேரம் பார்த்தே இந்தப் பேச்சும் வருகிறது. ஆகவே நாம் இதைத் தெளிவாகச் சிந்திக்க வேண்டும்.

பாங்கின் சொத்து என்பது கட்டிடமோ இரும்புப் பெட்டியோ அல்ல. பிறருக்குக் கொடுத்த கடன்தான். உதாரணமாக, 100 ரூபாய்க் கடனில் பங்குதாரர் பணம் 10 ரூபாய், மீதி டெபாசிட்காரர் பணம் என்று வைத்துக்கொள்வோம். கடனில் 10 ரூபாய் திரும்பாமல் போனால் பங்குதாரருக்கு மிஞ்சுவது பூஜ்யம். எனவே கடன் வசூலாகுமா என்று பார்க்காமல் புத்தக மதிப்பை மட்டும் நம்புவது வீண்.

கரூரில் 1926-ல் தோன்றிய லட்சுமி விலாஸ் பாங்கையே எடுத்துக்கொள்வோம். 2017-ல் 150 ரூபாய்க்கு மேல் விற்ற அதன் பங்கு 2020 நவம்பரில் 15 ரூபாய் அளவுக்கு இறங்கியது. பார்வைக்கு எவ்வளவு மலிவு! ஆனால் 2020 மார்ச் கணக்கில் அதன் நிகர வாராக்கடன் சுமார் 10 சதவீதம். ரிசர்வ் வங்கி குறைந்தது 9 சதவீத மூலதனம் கேட்க, அங்கே இருந்ததோ 1.12 சதவீதம். நவம்பர் 27-ல் அது டி.பி.எஸ். பாங்கு இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. டெபாசிட் தப்பியது, பங்குதாரருக்கு ஒரு பைசாவும் இல்லை.

மலிவுப் பங்கெல்லாம் மோசமா என்று சிலர் கேட்கலாம். இல்லை. அதே 2020-ல் 150 ரூபாய் அளவுக்கு விழுந்த ஸ்டேட் பாங்குப் பங்கு 2024-ல் 800-ஐத் தாண்டியது. அதன் நிகர வாராக்கடன் 2020 மார்ச்சில் 2.23 சதவீதமே, பெரும்பான்மைப் பங்கு அரசிடம் இருந்தது. இரண்டையும் பிரித்துக் காட்டியது விலை அல்ல, வாராக்கடனும் மூலதனமும்தான்.

ஆகவே பங்கு விற்க வருபவரிடம் மூன்று கேள்வி கேட்போம்: நிகர வாராக்கடன் எத்தனை? மூலதன விகிதம் எத்தனை? மூன்று ஆண்டுகளாக லாபமா, நஷ்டமா? பதில் தெரியாதவர் சொல்லும் மலிவு நமக்கு வேண்டாம்.

1960-ல் பாலா சென்ட்ரல் பாங்கு மூடப்பட்டுக் கேரளத்து எளிய குடும்பங்கள் தவித்த பிறகே, 1962-ல் டெபாசிட் இன்சூரன்ஸ் வந்தது. இன்று அது 5 லட்சம் ரூபாய் வரை காக்கிறது. பங்குக்கு அந்தக் காவல் இல்லை. நஷ்டம் வந்தால் பங்குதாரரே வரிசையில் கடைசி.

பாங்குகள் தம் ஆண்டுக் கணக்கின் சுருக்கத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பக்கத்தில் தர வேண்டும் என்று நம் சங்கங்கள் கோர வேண்டும். அதுவரை, இழந்தாலும் அடுப்பு எரியும் என்ற பணம் இருந்தால் மட்டும் பங்கை எண்ணுங்கள். மகளின் படிப்புக்கும் கூரைக்கும் வைத்த பணத்தைத் தொடாதீர்கள். அது முப்பது ஆண்டு உழைப்பின் கூலி.