லினக்ஸ் நிறுவலும் தமிழ்க் கணினிக் கட்டுரையும்

கணினியைப்பற்றி எழுதுவதற்குத் தமிழாசிரியர் ஒருவருக்கு யாது தகுதி உண்டென இம்மலரை விரிக்கும் அன்பர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. யாம் பொறியியல் கற்றவரல்லேம். ஆசிரிய கலாசாலையிற் பயின்று தமிழ் கற்பிக்க வந்தோம். ஆயினும் கணினியைப்பற்றித் தமிழில் எழுதப்படுவனவும் தமிழேயாம். அவை கற்பார்க்குப் பயன்படுமாறு எழுதப்பட்டுள்ளனவா என ஆராய்தல் எமது தொழிலின் எல்லைக்குப் புறம்பானதன்று. அன்றியும், எம் மாணவர் சிலர் பட்ட இடரொன்று இதனை எழுதுமாறு எம்மைத் தூண்டிற்று.

விண்டோஸ் 10 எனும் பணிசெயல் முறைமைக்குரிய வழமையான ஆதரவை மைக்ரோசொப்ற் நிறுவனம் 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. அதன் பின்வந்த விண்டோஸ் 11 புதுவகைச் செயலியையும் டி.பி.எம். 2.0 எனும் பாதுகாப்பு அமைப்பையும் வேண்டிநிற்பது. பழைய மாணவர் அன்புடன் எமக்கு அனுப்பிய கணினிகளுட் பல அத்தகுதி அற்றவை. அவை பழுதுற்றனவல்ல, இன்னும் பல்லாண்டு உழைக்கவல்லவை. அவற்றைத் தூசு படிய விடுவதா, லினக்ஸை நிறுவிப் பயன்கொள்வதா என்பதே எம்முன் நின்ற வினா. உயர்தர வகுப்பு மாணவர் நால்வர் இரண்டாவது வழியைத் தேர்ந்து, தமிழ்க் கட்டுரையொன்றைத் துணையாகக் கொண்டு, 2 ஜிகாபைற்று நினைவகமுடைய கணினியொன்றில் டெபியன் எனும் லினக்ஸ் வகையை நிறுவத் தொடங்கினர்.

இடையில், எந்த மென்பொருட்களை நிறுவவேண்டும் எனக் கேட்கும் திரையொன்று தோன்றிற்று. அதிற் கண்ட யாவற்றையும் தெரிவுசெய்யுமாறு கட்டுரை கூறிற்று. ஏன் என்று கூறவில்லை. மாணவரும் அவ்வாறே செய்தனர். கல்லூரியின் மெலிந்த இணையத் தொடர்பினூடாகப் பொதிகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்க இரண்டு பிற்பகல்கள் கழிந்தன. முடிவில் திறந்த கணினி ஆமையென நகர்ந்தது. ஒரே வேலைக்கு மூன்று நான்கு செயலிகள் பட்டியலில் நிறைந்திருந்தன. எவரும் வேண்டாத வலைச் சேவையகமொன்று உள்ளிருந்து இயங்கிக்கொண்டிருந்தது. மாணவருள் ஒருவன் எம்மை நோக்கி, “இது எங்களுக்குச் சரிவராது, சேர்” என்றான். அச்சொல் எம் நெஞ்சைத் தைத்தது. தவறு லினக்ஸினதும் அன்று, அம்மாணவனதும் அன்று. காரணம் கூறாத கட்டுரையே அவனைக் கைவிட்டது.

அத்திரையின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். லினக்ஸின் கருவை லினஸ் தொர்வால்ட்ஸ் 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த காலத்தில் வெளியிட்டார். அக்கருவோடு வேண்டிய மென்பொருட்களைச் சேர்த்து வழங்கும் டெபியன் திட்டத்தை இயன் மேர்டொக் 1993இல் தொடங்கினார். 2023இல் வெளிவந்த டெபியன் 12இல் 64,000க்கு மேற்பட்ட பொதிகள் உள்ளன. ஒருவர் இவற்றை ஒவ்வொன்றாகத் தேர்தல் இயலாது. ஆதலின் நிறுவற் செயலி அவற்றுட் சிலவற்றைத் தொகுதிகளாக்கி நம்முன் வைக்கின்றது. சாளரங்களும் பட்டியல்களும் கொண்ட திரைத்தோற்றத்தைத் தரும் பணிமேடைகள் பல அங்கே உள்ளன: க்னோம், எக்ஸ்எவ்சீஈ, கே.டீ.ஈ., சினமன், மாட்டே முதலியன. அவற்றோடு வலைச் சேவையகம், தொலைவிலிருந்து நுழைதற்கான எஸ்.எஸ்.எச். சேவையகம், பொதுவான கருவிகள் என்பனவும் உண்டு. க்னோம் முன்னரே தெரிவுசெய்யப்பட்டிருக்கும். பழைய கணினிக்கு அதன் குறியை நீக்கி, இலகுவான எக்ஸ்எவ்சீஈயைக் குறித்து, பொதுவான கருவிகளை அவ்வாறே விட்டு, சேவையகங்களை ஒழித்தலே தக்கது. இவ்வளவே செய்தி. இதனைக் காரணத்தோடு கூற நான்கு வாக்கியம் போதும்.

எவ்வளவு தெரிவைப் பயன்படுத்துவோரிடம் விடுவது என்பதில் லினக்ஸை வழங்குவோரிடையேயும் ஒருமைப்பாடு இல்லை. 1993இல் தோன்றிய சிலாக்வெயர், அடிப்படைக்கு ஒன்று, வலையமைப்புக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று என எழுத்துகளாற் பெயர்பெற்ற வரிசைகளாகப் பொதிகளைப் பிரித்துத் தந்தது. 2004இல் வந்த உபுண்டுவோ இக்கேள்வியையே எழுப்பாது, வேலைக்கு ஒரு செயலியாகத் தானே தேர்ந்து ஒரே குறுந்தட்டில் அடக்கிற்று. பின்னர் 2018இல் குறைந்த நிறுவல் எனும் தெரிவை அதுவும் சேர்த்தது. 2023இல் குறைந்த நிறுவலையே இயல்பாக்கி, விரிந்ததை விரும்புவோர்க்கு விட்டது. வழங்குவோரே முப்பதாண்டு எண்ணி எண்ணி மாற்றிய ஒன்றைக் கட்டுரையாளர் ஒரு சொல்லிற் கடந்து போதல் தகுமா?

நூலுக்கு வரும் குற்றங்கள் பத்தெனப் பவணந்தியார் நன்னூலில் வகுத்ததை எம் மாணவர் அறிவர். பரீட்சைக்காக மனனஞ் செய்த அதனைக் கணினிக் கட்டுரைக்கு உரைகல்லாகக் கொள்ளலாம் என்பது எமது கருத்து. குன்றக் கூறலுக்கு ஓர் எடுத்துக்காட்டு: டெபியனின் எழுத்துவடிவ நிறுவலில் இடைவெளி விசையை அழுத்தினாலே தெரிவுக்குறி விழும், எண்டர் விசையை அழுத்தினால் அடுத்த படிக்குச் சென்றுவிடும். இதனைக் கூறாத கட்டுரையை நம்பியவன் தான் தேர்ந்ததாக எண்ணிய பொதி இல்லாமை கண்டு திகைப்பான். யாவற்றையும் நிறுவச் சொல்லுதல் மிகைபடக் கூறலாம். ஒரே பொருளை முதற் பந்தியிற் பொதி என்றும், அடுத்ததில் தொகுப்பு என்றும், பின்னர் மூட்டை என்றும் எழுதுதல் மயங்க வைத்தலாம். பணிசெயல் முறைமை என எம் பாடநூல்கள் கூறுவதைத் தமிழகத்தார் இயங்குதளம் என்பர். இரண்டும் நல்ல தமிழே; ஆயின் ஒரு கட்டுரைக்குள் ஒன்றையே ஆளவேண்டும்.

இவற்றினும் பெரிய குறையொன்று உண்டு. மீட்கக்கூடிய தவறு யாது, மீட்கவொண்ணாத தவறு யாது என்பதைப் பல கட்டுரைகள் பிரித்துக் காட்டுவதில்லை. பொதித் தெரிவு மீட்கக்கூடியது. இன்று நிறுவாததை நாளை ஒரு கட்டளையால் நிறுவலாம்; வேண்டாததை நீக்கலாம். வட்டைப் பிரித்தல் அத்தகையதன்று. முழு வட்டையும் பயன்படுத்துக எனும் தெரிவை ஏற்று உறுதிசெய்தால் அதிலிருந்த கோப்புகள் யாவும் போம். கற்பவன் அஞ்சவேண்டிய இடத்தில் அஞ்சவும், துணியவேண்டிய இடத்தில் துணியவும் கற்பிப்பதன்றோ ஆசிரியத்தொழில்? பொதித் திரைக்குப் பத்துப் படங்களை இட்டு வட்டுப் பிரிப்புக்கு ஒரு வரி எழுதுங் கட்டுரை, ஆழமில்லாத கரையில் வேலியிட்டுக் கிணற்றைத் திறந்து வைப்பதை ஒக்கும்.

காலங்குறியாமையும் ஒரு குற்றமே. கம்பியில்லா வலைப்பின்னல் முதலிய உறுப்புகள் சில இயங்குதற்கு வேண்டிய நிலைபொருளை, அது கட்டற்றதன்று எனும் காரணத்தால், டெபியனின் உத்தியோகபூர்வ நிறுவல் வட்டுகள் முன்னர்க் கொண்டிருக்கவில்லை. 2022இல் நடந்த வாக்கெடுப்பின்பின், டெபியன் 12 முதல் அது சேர்க்கப்பட்டது. ஆகவே நிலைபொருளைத் தனியே தேடிச் சேர்க்குமாறு கூறுங் கட்டுரை எழுதிய நாளில் மெய்யாயிருந்து இன்று பொய்யாகிவிட்டது. எப்பதிப்பை, எந்நாளில், எத்தகைய கணினியில் நிறுவிப்பார்த்து எழுதினேன் என்னும் ஒரு வரி தலைப்பின்கீழ் இருப்பின் வாசகன் தப்புவான்.

இனி, தமிழில் எழுதுவதன் பயன் யாது? ஆங்கிலக் கட்டுரையைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதாயின் பயன் சிறிதே. தமிழ் மாணவனுக்கு வேண்டியதும் ஆங்கிலக் கட்டுரையில் இல்லாததுமானவற்றைக் கூறுதலே அதன் பயன். தமிழ் எழுத்துருக்களுக்கு எப்பொதி வேண்டும்? இலங்கையிற் பலர் பயிலும் ரெங்கநாதன் விசைப்பலகையைக் கொண்டு எழுதுவது எப்படி? எம்17என் எனும் பொதித்தொகுதியில் அதற்கு வழியுண்டு. இதனைக் கூறாத தமிழ்க் கட்டுரையை எழுதியவர், நிறுவிய கணினியில் ஒரு தமிழ்ச் சொல்லையேனும் எழுதிப் பார்த்திலர் என்றே கொள்ளவேண்டும்.

ஊதியமின்றி எழுதுவோரைக் குறைகூறுதல் நன்றன்று எனச் சிலர் கூறுவர். அவர்தம் தொண்டை யாம் மதிக்கின்றோம். ஆயின் தொண்டு என்னும் பெயரால் ஆராய்ச்சியைத் தவிர்த்தல் அத்தொண்டுக்கே இழுக்காகும். தொழில்நுட்பத்தைத் தமிழில் எழுதுதல் இம்மண்ணுக்குப் புதிதன்று. சாமுவேல் பிஸ்க் கிறீன் எனும் அமெரிக்க வைத்தியர் 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயிலிருந்து மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்ததும், மாணவர் துணையோடு வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கியதும் யாவரும் அறிந்தவை. அந்நூல்களை நம்பிக் கத்தியை எடுத்தவர் இருந்தனர். எழுதியவர் ஒரு சொல்லைத் தவறவிடின் உயிர் போம். நம் கட்டுரையை நம்புபவனுக்கு உயிர் போகாது, ஊக்கம் போம். ஓர் இளைஞனின் ஊக்கம் சிறிய பொருளன்று.

பின்னர் நிகழ்ந்ததையுங் கூறுதல் வேண்டும். அம்மாணவர் நால்வரையும் அழைத்து, மேலே கூறியவாறு தேர்ந்து அதே கணினியில் மீண்டும் நிறுவச் செய்தோம். ஒரே பிற்பகலில் வேலை முடிந்தது. கணினி இன்று ஒன்பதாம் வகுப்பு மாணவருக்குப் பயன்படுகின்றது. அதன்பின் நால்வரையும் அதனைக் கட்டுரையாக எழுதப் பணித்தோம். ஒரு விதியும் வகுத்தோம்: எழுதியவன் தன் கட்டுரையை, இதுவரை லினக்ஸை நிறுவாத இளைய மாணவனொருவன் கையிற் கொடுத்து, வாய்திறவாது அருகே அமர்ந்து பார்க்கவேண்டும். இளையவன் எங்கே தயங்குகின்றானோ அங்கே கட்டுரை பிழைத்தது. முதலிற் கொடுத்த கட்டுரை மூன்றாம் வரியிலேயே பிழைத்தது. ஐந்தாம் முறை எழுதியபின் இளையவன் எவரையும் கேளாது நிறுவி முடித்தான். “சரிவராது” என்றவனே அதனை எழுதியவன்.

கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் கணினித்துறையில் மேம்பட்டு விளங்கும் பழைய மாணவர்க்கு எமது வேண்டுகோள் ஒன்றுண்டு. நீங்கள் அனுப்பும் கணினிகளுக்குக் கல்லூரி நன்றியுடையது. இனிக் கணினியோடு ஒரு கட்டுரையும் அனுப்புக. நீங்களே செய்து பார்த்ததை, திகதியிட்டு, ஒவ்வொரு தெரிவுக்கும் காரணங் காட்டித் தமிழில் எழுதுக. சொல் கிடையாத இடத்தில் எம்மிடம் கேளுங்கள். தமிழாசிரியர் அதற்குத்தானே இருக்கின்றோம். கணினி சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். காரணம் அறிந்து தேர்வு செய்யக் கற்ற மாணவன் அடுத்த கணினியையும் ஆள்வான்.