கற்பூரவல்லி எண்ணெய்: தட்டில் ஜெயித்தால் போதுமா?

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் வாசலில் பூந்தொட்டி இருந்தால், அதில் துளசி அல்லது கற்பூரவல்லி இருக்கும். குழந்தைக்குச் சளி என்றால் இரண்டு இலையை வாட்டிச் சாறு பிழிவார்கள். மைக்ரோபயாலஜி, பயோடெக் மாணவர்களுக்கும் அதே செடிதான் கைகொடுக்கிறது. ப்ராஜெக்ட் செலவு கம்மி!

இலையை நீராவியில் வடித்தால் கொஞ்சம் வாசனை எண்ணெய் கிடைக்கும். அதைக் காகித வில்லையில் தோய்த்து, பாக்டீரியா தடவிய அகார் தட்டில் வைப்பார்கள். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம். அதை ஸ்கேலால் அளந்து, "சிறந்த மருந்து" என்று எழுதி பைண்டிங்குக்குக் கொடுத்துவிடலாம்.

அந்த வட்டம் பொய் இல்லை. எண்ணெயில் உள்ள கார்வக்ரால், தைமால் போன்றவை பாக்டீரியாவின் செல் சவ்வைக் குலைக்கின்றன. ஓமத்தின் வாசனைக்கும் தைமால்தான் காரணம். கற்பூரவல்லிக்கு ஓமவல்லி என்ற பெயரும் உண்டே!

ஆனால் தட்டு வேறு, உடம்பு வேறு. அளவு மீறினால் இதே எண்ணெய் மனித செல்லையும் விட்டுவைக்காது. ஊருக்கு ஊர், செடிக்குச் செடி அதன் கலவையும் மாறும். இலைச்சாற்றில் இருப்பது துளியூண்டு எண்ணெய், பாட்டிலில் இருப்பது முழுக்க எண்ணெய். பாட்டி வைத்தியத்தை பாட்டிலுக்குச் சாட்சியாக்க முடியாது. யூகலிப்டஸ் எண்ணெயும் இயற்கைதான். அதை விழுங்கிய குழந்தைகளுக்கு வலிப்பு வந்திருக்கிறது.

அப்படியானால் எதை நம்புவது? பதில் தாம்பரம் சானடோரியம் என்ற பெயரிலேயே இருக்கிறது. 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து அங்கே காசநோய் இல்லம் தொடங்கினார். நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவும் நோயைத் தீர்க்கும் என்பது அந்தக் கால நம்பிக்கை. 1956-ல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வு அதைச் சோதித்தது. பாதிப் பேருக்கு சானடோரியத்தில் சிகிச்சை, பாதிப் பேருக்கு வீட்டில். மருந்து ஒன்றே. 1959-ல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். நோயைத் தீர்த்தது காற்றல்ல, மருந்து! நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் இது தெரிந்தது.

அதே சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. நோயாளிகளும் ஆய்வு மாணவர்களும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். கற்பூரவல்லியை முறையாகச் சோதிக்க இதைவிட நல்ல இடம் ஏது?

அதுவரை ப்ராஜெக்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: "தட்டில் கிருமியைத் தடுத்தது. உடம்பில் இன்னும் சோதிக்கவில்லை." மதிப்பெண் குறையாது. குழந்தைக்கு எண்ணெயைப் புகட்டப் போகும் ஒரு தாய் அதைப் படித்து நிறுத்தலாம்.